தணலை வாரிய பிறகுதான் சமையல்: விறகு ஓவனில் முழு ஆட்டுச் சப்பை

பீட்சாவுக்கு ஓவனுக்குள் தீ எரிய வேண்டும். மூன்று கிலோ ஆட்டுச் சப்பைக்கு, அதாவது முன்னங்கால் தோள்துண்டுக்கு, எரியக் கூடாது. இந்த ஒன்றை மறந்துவிட்டுத்தான் பலர் வெளியே கருகி, எலும்போரம் ரத்தம் கசியும் கறியைத் தட்டில் வைக்கிறார்கள். பெரிய துண்டை வேகவைப்பது செங்கல் குடித்து வைத்திருக்கும் சூடு. தீயின் வேலை அந்தச் சூட்டை ஏற்றுவதோடு முடிகிறது. அதன்பின் தணலை வெளியே வாரிவிட்டுக் கதவை மூடினால், அடுத்த ஐந்தாறு மணி நேரம் ஓவனின் சூடு மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். அந்த இறக்கத்தில்தான் கறி வேகிறது.

கீழே உள்ள அளவுகள் உள்விட்டம் சுமார் 90 சென்டிமீட்டர் உள்ள, தீச்செங்கல்லால் கட்டிய ஓவனுக்கானவை. சிறிய ஓவனுக்கு விறகும் நேரமும் குறையும். ஆனால் சூடும் சீக்கிரம் இறங்கும்.

ஓவன் இந்த வேலைக்கு ஆகுமா?

முதலில் கதவை அளந்துகொள்ளுங்கள். நன்றாகக் கட்டிய ஓவனில் வாயின் உயரம், உள்ளே வளைகூரையின் உயரத்தில் ஏறக்குறைய 63 சதவீதம் இருக்கும். கூரை 45 சென்டிமீட்டர் என்றால் வாய் 28 சென்டிமீட்டர்தான். அதற்குள் தட்டு, கறி, மூடி எல்லாம் நுழைய வேண்டும், கையுறை போட்ட கைக்கும் இடம் வேண்டும். கறிக்கடைக்குப் போகும் முன்பே காலித் தட்டை ஒருமுறை உள்ளே தள்ளிப் பார்த்துவிடுங்கள்.

அடுத்து, சூடு நிற்கிறதா என்று பாருங்கள். கூரையின் மேலும் தளத்தின் அடியிலும் வெப்பத்தைத் தடுக்கும் அடுக்கு இருக்க வேண்டும். கூரைக்குப் பீங்கான் இழைப் போர்வை, தளத்துக்குக் கீழே பெர்லைட்டோ வெர்மிகுலைட்டோ கலந்த காரை என்பது வழக்கம். தளத்துக்கு அடியில் காப்பு இல்லாத ஓவனில் கூரை சுட்டுக்கொண்டிருக்கும், தளம் மட்டும் ஒரு மணி நேரத்தில் ஆறிப்போகும். பீட்சா சுட்ட இரவு தணலை வாரிக் கதவை மூடிவிட்டு, மறுநாள் காலை அளந்து பாருங்கள். பன்னிரண்டு மணி நேரம் கழித்தும் 120 டிகிரிக்கு மேல் காட்டினால் இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். மெல்லிய தகரத்தில் செய்து கடையில் விற்கும் சிறிய பீட்சா ஓவன்கள் இதற்கு ஆகா. அவற்றில் சேமிக்கச் செங்கல்லே இல்லை.

கதவும் முக்கியம். வெறும் தகரக் கதவு சூட்டை வாரி வெளியே கொட்டும். இரு தகடுகளுக்கு நடுவே 5 சென்டிமீட்டர் பீங்கான் இழை வைத்து அடைத்த கதவு வேண்டும். அந்த இழையை வெட்டும்போது முகக்கவசமும் கையுறையும் அவசியம், தூசி நுரையீரலுக்கு ஆகாது.

நம் ஊர் ஈரம்

சிங்கப்பூரில் விறகு ஓவன் வைத்திருப்பவரின் முதல் எதிரி மழை. டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை நாள்கணக்கில் கொட்டும். மற்ற மாதங்களிலும் பிற்பகல் இடிமழைக்குக் குறைவில்லை. செங்கல்லும் காரையும் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அந்த நீர் ஆவியாகி முடிகிற வரை செங்கல்லின் சூடு 100 டிகிரிக்கு மேல் ஏறாது. நாம் எரிக்கும் விறகெல்லாம் கேத்தலில் தண்ணீர் கொதிக்கவைத்த கதைதான்.

ஈரம் இருப்பதை எப்படித் தெரிந்துகொள்வது? தீ மூட்டி ஒன்றரை மணி நேரம் தாண்டியும் கூரையில் படிந்த கரி எரிந்து வெளுக்காது, வெளிப்பூச்சின் அடிப்பகுதி வியர்க்கும், புகையோடு வெள்ளை ஆவி கலந்து வரும். அப்படி ஈரம் பிடித்த ஓவனில் அவசரப்பட்டுப் பெருந்தீ மூட்டினால், உள்ளே அடைபட்ட ஆவி செங்கல்லின் முகத்தைச் சில்லுச்சில்லாக உடைத்துத் தள்ளும். அந்தச் சில்லு உங்கள் கறித்தட்டில்தான் விழும். ஒரு வாரம் மழை பெய்திருந்தால் சமைக்கும் நாளுக்கு முந்தைய நாளே இரண்டு மூன்று கிலோ விறகில் சிறுதீ மூட்டி, 150 டிகிரியைத் தாண்டவிடாமல் மூன்று மணி நேரம் காயவையுங்கள். தலைமுடி அளவு விரிசல்கள் வருவது இயல்பு, பயப்பட வேண்டாம்.

மழைக்குத் தார்ப்பாய் போர்த்துவது இரட்டைத் தவறு. உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் போகும். பாயின் மடிப்பில் தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும், டெங்கிச் சோதனைக்கு அதிகாரிகள் வந்தால் அபராதம் உங்களுக்குத்தான். நாலு பக்கமும் திறந்த, உயரமான கூரை ஒன்றைப் போட்டுவிடுங்கள். நாலு பக்கமும் அடைத்த கொட்டகை வேண்டாம். கரியமில வாயு மட்டுமல்ல, மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடும் அங்கே தேங்கும்.

அண்டை வீடு

வரிசை வீட்டில் இருப்பவருக்கு அடுத்த வீட்டுத் துணிக்கொடி பத்தடியில் இருக்கும். புகை அதிகம் வருவது முதல் அரை மணி நேரத்தில்தான். மேலிருந்து கீழாக எரியும்படி அடுக்கினால் அதையும் பாதியாகக் குறைக்கலாம். தடித்த கட்டைகளை அடியில் வைத்து, அதன்மேல் விரல் பருமன் சிராய்களை அடுக்கி, உச்சியில் பற்றவையுங்கள். கீழிருந்து கிளம்பும் புகை மேலே இருக்கும் சுவாலையைக் கடக்கும்போதே எரிந்துவிடும்.

புகைமூட்டக் காலத்தில், காற்று மாசைக் காட்டும் பிஎஸ்ஐ குறியீடு 100-ஐத் தாண்டிய நாளில் மூட்டவே வேண்டாம். மற்ற நாளில் பக்கத்து வீட்டு அக்காவிடம் முந்தைய நாளே, “நாளைக்குக் காலையில கொஞ்ச நேரம் புகை வரும்கா, துணியை மதியத்துக்கு மேல போடுங்க” என்று சொல்லிவிட்டு, மாலையில் ஒரு கிண்ணம் கறி கொடுத்தனுப்புங்கள். தேசிய சுற்றுப்புற வாரியத்துக்குப் புகார் போன பிறகு பேசுவதைவிட இது எளிது. ஓவனைப் புதிதாகக் கட்டப் போகிறவர்கள், வீட்டெல்லைக்கும் கட்டுமானத்துக்கும் உள்ள விதிகளை முதலில் கேட்டுக்கொள்ளட்டும்.

விறகு

15 முதல் 20 கிலோ காய்ந்த கட்டை தேவை. ரம்புத்தான், மா, ரப்பர், சவுக்கு நான்கும் நன்றாக எரியும். கட்டை மணிக்கட்டுப் பருமனில் பிளந்திருக்க வேண்டும். முழு உருளை புகையும், சூடு ஏறாது. ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும். ஈரமானி இல்லாவிட்டால் இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். காய்ந்தது ‘டங்’ என்று கணீரென ஒலிக்கும், பச்சை ‘தொப்’ என்று மங்கும். நம் காற்றில் காய்ந்த கட்டைகூட ஒரு மாத மழையில் ஈரத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளும் என்பதால், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் அடுக்கி வையுங்கள்.

ஒட்டுப்பலகை, பெயின்ட் அடித்த பழைய நாற்காலி, தண்டவாளக் கட்டை எதுவும் உணவு ஓவனுக்குள் போகக் கூடாது. சரக்குப் பலகைகளில் முத்திரையைப் பாருங்கள். எச்.டி. என்றால் வெப்பத்தில் பதப்படுத்தியது. எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு நச்சுப்புகை காட்டியது, தொடவே வேண்டாம்.

கறி வாங்குவது

இந்த முறைக்கு மிகப் பொருத்தமான துண்டு முன்சப்பை. எலும்போடு 2.5 முதல் 3 கிலோ வரும், ஆறேழு பேருக்குப் போதும். கொழுப்பும் சவ்வும் தசைக்குள் ஓடுவதால், நேரம் முன்னப்பின்ன ஆனாலும் பொறுத்துப்போகும். பின்தொடை பார்க்க அழகு, ஆனால் மன்னிக்காது. அதற்குத் தனியே கீழே வருகிறோம்.

தேக்கா சந்தையில் ஆஸ்திரேலியாவிலிருந்து குளிரூட்டி வரும் ஆட்டிறைச்சி கிடைக்கும். கேட்காவிட்டால் கத்தி தன்பாட்டுக்குக் குழம்புத் துண்டு போட்டுவிடும். “அண்ணே, சப்பை முழுசா வேணும், வெட்டாதீங்க. முழங்கால் நுனி மட்டும் அறுத்துடுங்க” என்று பணம் எடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். தீபாவளிக்கு என்றால் ஒரு வாரம் முன்பே சொல்லி வைக்க வேண்டும், முந்தைய நாள் போனால் வரிசையில் நிற்கத்தான் நேரம் இருக்கும். உறைந்த சப்பை வாங்கினால் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் முழுதாக இரண்டு நாள் வைத்து இளக்குங்கள். சமையல் மேசையில் வைத்து இளக்கினால், நடுவில் பனிக்கட்டி இருக்கும்போதே மேல்பரப்பு கெட ஆரம்பித்துவிடும்.

உப்பு முதல் நாள், மசாலா பிறகு

நம் வீட்டுப் பழக்கம், இரவே இஞ்சி, பூண்டு, தயிர், மிளகாய்த்தூள் எல்லாம் பூசி ஊறவைப்பது. குழம்புத் துண்டுக்கு அது சரி. மூன்று கிலோ சப்பைக்கு அது வீண். மசாலா எத்தனை மணி நேரம் ஊறினாலும் சில மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே போகாது, உப்பு மட்டும்தான் ஆழமாக இறங்கும். மேலே ஒட்டிய பூண்டும் மிளகாயும் 230 டிகிரி ஓவனில் அரை மணியில் கருகிக் கசக்கும். ஆகவே வரிசையை மாற்றுங்கள்.

2.8 கிலோ சப்பைக்கு 28 கிராம் பொடித்த உப்பு, அதாவது எடையில் ஒரு சதவீதம். வெளிச்சவ்வைக் கத்தி நுனியால் நீக்கி, கொழுப்பின் மேல் மட்டும் கட்டம் கட்டமாகக் கீறுங்கள், கறிவரை கீற வேண்டாம். உப்பை எல்லாப் பக்கமும் தேய்த்து, கம்பித் தட்டின் மேல் மூடாமல் குளிர்ப்பெட்டியில் ஓர் இரவு முழுக்க வையுங்கள், ஒரு நாள் முழுக்க என்றால் இன்னும் நல்லது. காலையில் தோல் காய்ந்த காகிதம்போல் இருக்கும். அந்தக் காய்ச்சல்தான் ஓவனில் நிறம் பிடிக்க வைப்பது.

மசாலா விழுது தனியே: இஞ்சி 40 கிராம், பூண்டு 40 கிராம், வறுத்துப் பொடித்த மல்லி 20 கிராம், மிளகு 15 கிராம், சீரகம், சோம்பு தலா 10 கிராம், மஞ்சள் ஒரு தேக்கரண்டி, கெட்டித் தயிர் 150 கிராம், நல்லெண்ணெய் மூன்று மேசைக்கரண்டி. இதில் உப்பு சேர்க்காதீர்கள். பப்பாளிக்காய் போடுகிறவர்கள் இந்த முறையில் அதை மறந்துவிடலாம். கறியை மென்மையாக்குவதை நேரமே பார்த்துக்கொள்ளும். பப்பாளி வெளிப்புறத்தை மட்டும் கூழாக்கி, உள்ளே அப்படியே விட்டுவிடும்.

தீயும் தணலும்

இரவு ஏழரைக்குப் பந்தி என்றால் காலை ஒன்பதரைக்குத் தீ. முதல் இருபது நிமிடம் ஓவனின் வாயருகே சிறுதீ, பிறகு மெல்ல நடுவுக்குத் தள்ளி விறகு கூட்டுங்கள். கூரை முதலில் கன்னங்கரேலென்று ஆகும். சுமார் 350 டிகிரியில் அந்தக் கரி எரிந்து, உச்சியிலிருந்து கீழாகக் கூரை வெளுத்துக்கொண்டே வரும். காய்ந்த ஓவனில் இதற்கு ஒன்றே கால் முதல் ஒன்றரை மணி நேரம்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வெளுத்தது செங்கல்லின் முகம் மட்டும். பதினோரு சென்டிமீட்டர் கனமுள்ள செங்கல்லின் பின்பக்கம் அப்போதும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். லேசர் புள்ளி காட்டும் வெப்பமானித் துப்பாக்கி 400 என்று காட்டும், நம்பாதீர்கள், அது படிப்பது மேற்பரப்பை மட்டும். இந்த நிலையில் கறியை உள்ளே வைத்தால் ஒரு மணி நேரத்தில் சூடு 150-க்குச் சரிந்துவிடும். வெளுத்த பிறகும் இன்னும் ஒன்றரை மணி நேரம் நடுத்தரத் தீயை விடாமல் நடத்துங்கள். கடைசிக் கட்டையைப் போட்டபின் தணலைத் தளம் முழுக்கப் பரப்பி இருபது நிமிடம் விடுங்கள், தளமும் சூடு குடிக்கட்டும்.

பன்னிரண்டரை மணிக்குத் தணலை நீளக் கைப்பிடித் தள்ளியால் வாரி, மூடியுள்ள இரும்புத் தகர வாளியில் போடுங்கள். குப்பைக்குப் போகும் பிளாஸ்டிக் தொட்டியில் மறந்தும் போடக் கூடாது. சாம்பலுக்குள் கங்கு ஒன்றிரண்டு நாள்கூடக் கனன்றுகொண்டிருக்கும். கழியில் கட்டிய ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து, தளத்தை ஒரே ஒருமுறை துடைத்துக் கதவை மூடுங்கள். இனி ஒரு மணி நேரம் திறக்கக் கூடாது. கூரை இறங்கும், தளம் ஏறும், செங்கல் முழுவதும் ஒரே சூட்டுக்கு வரும்.

ஒன்றரை மணிக்குத் தளம் 230 முதல் 250 டிகிரி காட்ட வேண்டும். வெப்பமானி இல்லையா? ஒரு சிட்டிகை கோதுமை மாவைத் தளத்தில் தூவுங்கள். ஐந்து வினாடியில் கறுத்தால் சூடு அதிகம், கதவைப் பத்து நிமிடம் திறந்து வையுங்கள். பதினைந்து இருபது வினாடியில் பொன்னிறமானால் சரியான பதம். நிறமே மாறாவிட்டால் அன்றைக்கு விறகு போதவில்லை. மறுபடி ஒரு கூடை எரித்து வாரத்தான் வேண்டும்.

கறி உள்ளே

சப்பையைக் குளிர்ப்பெட்டியிலிருந்து நேராக எடுத்து வையுங்கள். வெளியே வைத்து ‘அறைச் சூட்டுக்கு’ கொண்டுவரும் யோசனை நம் 31 டிகிரி பிற்பகலுக்கு ஆகாது. மூன்று கிலோ துண்டின் நடுப்பகுதி ஒரு மணி நேரத்தில் அசைவதும் இல்லை.

கனமான இரும்புத் தட்டில் நான்கு பெரிய வெங்காயத்தை விரல் கனத்துக்கு வெட்டிப் பரப்பி, 300 மில்லி தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் இல்லாவிட்டால் வடியும் கொழுப்பு தீய்ந்து, அந்தப் புகைநாற்றம் கறியில் ஏறும். சப்பையின் மேல் எண்ணெய் மட்டும் தடவி, கொழுப்புப் பக்கம் மேலே இருக்க, மூடாமல் உள்ளே வைத்துக் கதவை அடையுங்கள். முப்பத்தைந்து நிமிடம்.

திறக்கும்போது கொழுப்புக் கட்டங்களின் ஓரம் சுருண்டு, முந்திரி வறுத்த நிறம் வந்திருக்கும். உருகிய கொழுப்பு வெங்காயத்தின் மேல் சொட்டும் சத்தம் கேட்கும். இப்போது தட்டை வெளியே இழுத்து விழுதை முழுவதும் பூசுங்கள். தட்டில் இன்னும் 200 மில்லி வெந்நீரும் இரண்டு தேக்கரண்டி மிளகாய்த்தூளும் சேருங்கள். மிளகாய் நீருக்குள் இருந்தால் கருகாது. தணலில் வாட்டிய வாழையிலையைக் கறியின் மேல் போர்த்தி, அதன்மேல் அலுமினியத் தாளை இரண்டு மடிப்பாகப் போட்டு விளிம்பை இறுக்கி மடியுங்கள். இதையெல்லாம் செய்யும்போது ஓவன் கதவு மூடியே இருக்கட்டும். திறந்து கிடக்கும் ஒவ்வொரு நிமிடமும் சூடு போகிறது.

இனிமேல் வேலை இல்லை. மூன்றரை மணிக்கு ஓவன் 180-க்கும், ஐந்து மணிக்கு 155-க்கும் அருகில் இருக்கும். உங்கள் ஓவனின் இறக்கம் வேறாக இருக்கலாம், முதல் மூன்று முறை குறித்து வையுங்கள். ஐந்தேகாலுக்கு முதல்முறை ஊசி வெப்பமானியை எலும்பைத் தொடாமல் கனத்த இடத்தில் குத்திப் பாருங்கள். 90 முதல் 95 டிகிரிக்குள், ஊசி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் ஆயிற்று. எண் 93 என்றும் ஊசி முட்டுகிறது என்றும் இருந்தால் ஊசியை நம்புங்கள், எண்ணை அல்ல. இன்னும் அரை மணி விடுங்கள். ஆட்டின் வயது கறிக்குக் கறி மாறும்.

எடுத்த சப்பையை மூடியபடியே ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். தட்டுச் சாற்றில் மிதக்கும் கொழுப்பைக் கரண்டியால் எடுத்துவிட்டு, அடுப்பில் பாதியாகச் சுண்டவைத்து, கடைசியில் ஒரு கிண்ணம் தேங்காய்ப்பால் விட்டு இறக்கினால் பராட்டாவுக்கும் ஆப்பத்துக்கும் அதுவே குழம்பு. சப்பை எலும்பைப் பிடித்து இழுத்தால் சுத்தமாகக் கழன்று வர வேண்டும்.

பின்தொடை என்றால்

தொடைக்கு இரண்டே வழி. நடுவில் இளஞ்சிவப்பு பிடிக்கும் என்றால், இளம் ஆட்டுத் தொடையை 200 டிகிரி ஓவனில் மூடாமல் வைத்து உள்சூடு 57-இல் எடுத்துவிடுங்கள். வெளியே இருக்கும்போதே இன்னும் ஐந்தாறு டிகிரி ஏறும். சிவப்பே ஆகாது என்கிற வீடுகளில் (நம் வீடுகள் பெரும்பாலும் அப்படித்தான்) சப்பையைப் போலவே மூடி, 500 மில்லி நீரோடு 88 வரை கொண்டுபோங்கள். இரண்டுக்கும் நடுவே, 70-க்கும் 85-க்கும் இடையில் எடுத்த தொடைதான் மோசம். தசை சுருங்கிச் சாற்றைப் பிழிந்துவிட்டிருக்கும், சவ்வு இன்னும் ஜெலட்டினாக உருகியிருக்காது. எவ்வளவு மென்றாலும் நார்தான் வரும்.

கோளாறுகள்

மேலே கறுப்பு, உள்ளே பச்சை என்றால் கூரை ஆற நேரம் கொடுக்கவில்லை, அல்லது தணல் உள்ளே மிஞ்சியிருக்கிறது. அப்போதே தாள் போட்டு மூடி, கதவை விரலளவு திறந்து வையுங்கள். அடிப்பக்கம் மட்டும் தீய்ந்தால் தட்டுக்கு அடியில் இரண்டு செங்கல் துண்டு வைத்துத் தூக்குங்கள். நான்கு மணிக்கே ஓவன் 130-க்கு இறங்கிவிட்டதா? மறுபடி உள்ளே தீ மூட்டத் தட்டை வெளியே எடுக்க வேண்டியிருக்கும். அதற்குப் பதில் வாளியில் உள்ள தணலில் ஒரு மண்வெட்டி எடுத்துத் தட்டுக்குப் பின்னால், மூலையில் தள்ளிக் கதவை விரலளவு திறந்து வைத்தால் ஒரு மணி நேரம் தாங்கும். அதுவும் ஆகவில்லை என்றால் வெட்கப்படாமல் சமையலறை ஓவனில் 150 டிகிரியில் முடியுங்கள். நிறமும் மணமும் ஏற்கெனவே ஏறியாயிற்று.

மிச்சக் கறியை எலும்பிலிருந்து பிரித்து, ஆழமில்லாத பாத்திரத்தில் பரப்பி, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்ப்பெட்டிக்கு அனுப்புங்கள். 5-க்கும் 60-க்கும் இடைப்பட்ட சூட்டில் கிடக்கும் கறியில்தான் கிருமி பெருகும். முழுத் துண்டாக வைத்தால் நடுப்பகுதி நள்ளிரவு வரை வெதுவெதுப்பாகவே இருக்கும்.

மறுநாள் காலை ஓவன் இன்னும் சுடும். தளம் 100 டிகிரிக்குக் கீழே இறங்கியதை உறுதிசெய்துகொண்டு, அடுத்த முறைக்கான கட்டைகளை இடைவெளி விட்டு உள்ளே அடுக்கி, ஆவி போகக் கதவைப் பாதி திறந்து வையுங்கள். மாலைக்குள் நன்றாகக் காய்ந்திருக்கும்.